ஒரு சுட்டி ஒன்பது ரூபாய்: தேடுபொறியில் நற்பெயர் விலைக்கு வந்த கதை

கரூரில் படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேசை விரிப்பு விற்கிற என் சித்தப்பா மகன் போன மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சலை அனுப்பிவைத்தான். அவன் தளத்தை முப்பது நாளில் கூகுளின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து விடுவார்களாம். 2000 பேக்லிங்க், மொத்தம் 18,000 ரூபாய். அதாவது, வேறு 2000 வலைப்பக்கங்களில் இவன் தளத்துக்குச் சுட்டி போட்டுத் தருவார்கள். கடைசியில் அவன் கேள்வி ஒரே வரிதான்: "குடுத்துடலாமாங்ணா?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் கணக்குப் போட்டால் ஒரு சுட்டி ஒன்பது ரூபாய் வருகிறது. இந்த ஒன்பது ரூபாய் என்னை விடவில்லை. ஒரு தளத்தின் மதிப்பைச் சொல்வதற்காக உருவான ஒரு விஷயம் டஜன் கணக்கில் விற்கிற சரக்காக எப்போது மாறியது? பழைய குறிப்புகளையெல்லாம் தோண்டி எடுத்தேன். அவனுக்கு எழுத ஆரம்பித்த பதில்தான் இப்படி நீண்டுவிட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சுட்டிக்கு முன்பும் ஏமாற்று வேலை இருந்தது. 1994-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் தங்களுக்குப் பிடித்த தளங்களைப் பட்டியல் போட்டு வைத்தார்கள். அதுதான் யாஹூ ஆனது. அங்கே மனிதர்கள் பார்த்துச் சேர்த்தால்தான் உங்கள் தளம் உள்ளே போகும். பின்னாளில் வணிகத் தளங்களுக்கு வருடத்துக்கு 299 டாலர் என்று கட்டணமும் வைத்தார்கள். 1995 டிசம்பரில் வந்த ஆல்டாவிஸ்டா வேறு ரகம். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எந்திரமே படித்து வரிசைப்படுத்தியது. உடனே ஆட்கள் எழுத ஆரம்பித்தார்கள். எதைத் தேடினால் தன் தளம் வர வேண்டுமோ அந்தச் சொல்லை நூறு தடவை, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில். வாசகர் கண்ணுக்குத் தெரியாது, எந்திரத்துக்குத் தெரியும்.

இதைவிட வசதியான இடம் பக்கத்தின் தலைப்பகுதியில் மறைந்திருக்கும் கீவேர்ட் பட்டியல். அங்கே என்ன வேண்டுமானாலும் எழுதலாம், அடுத்தவர் பெயரைக்கூட. 1997-ல் ஒப்பெடால் அண்ட் லார்சன் என்ற அமெரிக்க வழக்கறிஞர் நிறுவனம் தன் பெயரைத் தேடிப் பார்த்தபோது, சம்பந்தமே இல்லாத சில தளங்கள் வந்து நின்றன. உள்ளே போய்ப் பார்த்தால், அந்தப் பக்கங்களின் மறைவான பட்டியலில் இவர்கள் பெயர் ஒளிந்திருந்தது. வழக்குப் போட்டுத் தடை வாங்கினார்கள். இந்தக் கீவேர்ட் பட்டியலைத் தரவரிசைக்குத் தாங்கள் பயன்படுத்துவதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஆனால் என் தம்பிக்கு வந்த மின்னஞ்சலில் "மெட்டா கீவேர்ட்ஸ் இலவசம்" என்று ஒரு வரி இருக்கிறது! செத்துப்போன மாட்டை இனாமாகத் தருகிறார்கள்.

சரி, சுட்டிக்கு வருவோம். இந்த யோசனையின் வேர் இணையத்தில் இல்லை, நூலகத்தில் இருக்கிறது. யூஜின் கார்ஃபீல்டு என்பவர் 1955-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு ஆய்வுக் கட்டுரையைப் பின்னால் வந்த எந்தெந்தக் கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன என்று அட்டவணை போடலாம் என்பது அதன் சாரம். 1964-ல் அது அறிவியல் மேற்கோள் அட்டவணையாக அச்சில் வந்தது. லாரி பேஜும் செர்கே பிரினும் இதை வலைப்பக்கங்களுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குச் சுட்டி கொடுத்தால் அது ஒரு ஓட்டு. ஆனால் எல்லா ஓட்டும் சமம் இல்லை.

நம் ஊர் வழக்கத்தில் சொன்னால் சுலபமாகப் புரியும். பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்போம் இல்லையா? ஊரில் மரியாதை உள்ள ஒருத்தர் "நல்ல குடும்பம்ங்க" என்றால் அதற்கு எடை அதிகம். அவருக்கு அந்த மரியாதை எப்படி வந்தது? மற்ற மரியாதைக்காரர்கள் அவரைப் பற்றி நல்லதாகச் சொன்னதால் வந்தது. அதே சமயம், யாரைக் கேட்டாலும் "நல்ல குடும்பம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பவரின் சொல்லுக்கு மதிப்பு குறைந்துபோகும். பேஜ்ரேங்க் கணக்கு ஏறக்குறைய இதுதான். ஒரு பக்கத்தின் மதிப்பு அது சுட்டும் பக்கங்களுக்கெல்லாம் பங்கு பிரிந்து போகும். அதிகம் பேருக்குச் சுட்டினால் ஆளுக்குக் கிடைக்கிற பங்கு சிறிது. 1998-ல் அவர்கள் வைத்திருந்த சோதனைத் தேடுபொறியில் சுமார் 2.4 கோடிப் பக்கங்கள் இருந்தன. அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு எண்கள் நிலைக்கு வரும்வரை ஓட்டுவார்கள்.

அதே 1998-ல் ராஜீவ் மோத்வானி, டெர்ரி வினோகிராட் ஆகியோருடன் சேர்ந்து அவர்கள் எழுதிய பேஜ்ரேங்க் அறிக்கையில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. வியாபாரிகள் இந்தக் கணக்கை வளைக்க முடியுமா என்ற கேள்விக்கான பதில். முக்கியமான தளங்களில் சுட்டியைக் காசு கொடுத்து வாங்கலாம்தான், ஆனால் அதற்குச் செலவாகும் என்பதால் அது கட்டுக்குள் இருக்கும் என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். இந்தக் கதையில் நான் பலமுறை திரும்பிப் படித்த இடம் இது. செலவாகும் என்பது அன்று உண்மைதான். ஆனால் அந்தச் செலவு ஒன்பது ரூபாய்க்கு இறங்கும் என்று அன்று யார் நினைத்தார்கள்?

விலைச்சீட்டு ஒட்டியதே கூகுள்தான் என்பேன். 2000 டிசம்பரில் அவர்கள் வெளியிட்ட டூல்பாரில், நீங்கள் பார்க்கும் பக்கத்தின் பேஜ்ரேங்க் 0 முதல் 10 வரை ஒரு பச்சைப் பட்டையாகத் தெரியும். வேடிக்கைக்காகப் பார்க்கலாம். ஆனால் வியாபாரி அதைப் பார்த்தால் என்ன நினைப்பான்? 'ஏழு' உள்ள தளத்தில் ஒரு சுட்டி இன்ன விலை, 'நாலு' என்றால் இன்ன விலை. ஓக்லஹோமாவைச் சேர்ந்த சர்ச்கிங் என்ற நிறுவனம் 2002-ல் இதையே தொழிலாக நடத்தியது. கூகுள் அவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2003-ல் வழக்கு தள்ளுபடி ஆனது. தரவரிசை என்பது கூகுளின் கருத்து, கருத்துச் சுதந்திரத்துக்குள் வரும் என்று நீதிமன்றம் சொன்னது. ஒருவன் பிழைப்பை நிர்ணயிக்கிற எண் ஒரு கம்பெனியின் "கருத்து" என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது, சர்ச்கிங் மேல் எனக்கு அனுதாபம் இல்லை என்றாலும். அந்தப் பச்சைப் பட்டையை 2016-ல்தான் முழுசாக எடுத்தார்கள்.

இடையில் விளையாட்டாகவும் நடந்தது. ஒரே சொற்றொடரைச் சுட்டியாக வைத்துப் பலர் ஒரே பக்கத்தைக் காட்டினால் அந்தச் சொல்லுக்கு அந்தப் பக்கம் மேலே வந்துவிடும். 2003-ல் "படுதோல்வி" என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களைத் தேடினால் ஜார்ஜ் புஷ்ஷின் வெள்ளை மாளிகை வாழ்க்கைக் குறிப்பு வந்தது. இதைச் சரிசெய்ய 2007 ஜனவரி ஆனது. விளையாட்டாக இல்லாமல் நடந்தது வலைப்பதிவுகளின் பின்னூட்டங்களில். மாத்திரை, சூதாட்டம் என்று எந்திரங்கள் சுட்டிகளைக் கொட்டின. 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்.எஸ்.என். மூன்றும் சேர்ந்து 'நோஃபாலோ' என்ற குறியை ஏற்றன. அந்தக் குறி உள்ள சுட்டியை அன்று ஓட்டாக எண்ணவில்லை. கொட்டுகிறவர்கள் அதற்காக நிறுத்திவிடவில்லை, அது வேறு விஷயம்.

பெரிய ஆட்கள் செய்யவில்லையா என்று தம்பி கேட்பான். செய்தார்கள். 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தையே கூகுள் தன் பட்டியலிலிருந்து தூக்கியது. தேடுபொறிக்கு ஒரு பக்கம், மனிதர்களுக்கு வேறு பக்கம் காட்டியதுதான் குற்றம். சரிசெய்தவுடன் சில நாட்களில் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். சின்னக் கடைக்கு இவ்வளவு சீக்கிரம் கதவு திறக்குமா என்று தெரிந்துகொள்ள ஆசைதான்.

ஆனால் தம்பிக்கு நான் அழுத்திச் சொன்னது ஜே.சி.பென்னி கதையை. அவன் வியாபாரத்தோடு ஒட்டியது அது. அமெரிக்காவின் அந்தப் பல்பொருள் அங்காடி, 2010 கடைசியில் பண்டிகை விற்பனை உச்சத்தில் இருந்த மாதங்களில், படுக்கை விரிப்பு, உடைகள், தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் முதலிடத்தில் அல்லது அதை ஒட்டி நின்றது. நியூயார்க் டைம்ஸ் நிருபர் டேவிட் சேகல் ஒரு நிபுணரை வைத்துத் துருவினார். பென்னிக்குச் சுட்டி கொடுத்த 2015 பக்கங்கள் அகப்பட்டன. துணிக்குத் துளியும் சம்பந்தமில்லாத தளங்கள், பல கைவிடப்பட்டவை. எங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றது பென்னி. 2011 பிப்ரவரியில் கட்டுரை வெளிவந்தது. ஒரு குறிப்பிட்ட பயணப்பெட்டித் தேடலில் முதலிடத்திலிருந்த பென்னி 71-ஆவது இடத்துக்குப் போனது. வரவேற்பறை மரச்சாமான் தேடலில் 1-லிருந்து 68. எஸ்.இ.ஓ. செய்து கொடுத்த நிறுவனத்தைப் பென்னி நீக்கியது.

2015 பக்கங்கள், 2000 பேக்லிங்க். எண் இப்படிப் பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பென்னிக்குத் தெருத்தெருவாகக் கடை இருந்தது, தாங்கிக்கொண்டார்கள். இன்னொரு கதையில் அடி வாங்கியவர்கள் வாடிக்கையாளர்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் ஒருவர் டெக்கார்மைஐஸ் என்ற பெயரில் இணையத்தில் மூக்குக்கண்ணாடி விற்றார். போலிச் சரக்கு, கூடுதல் பணம், கேட்டால் மிரட்டல். பாதிக்கப்பட்டவர்கள் புகார்த் தளங்களில் எழுதித் தீர்த்தார்கள். அந்த ஆள் சந்தோஷப்பட்டார்! திட்டினாலும் சுட்டி சுட்டிதான், கூகுளில் மேலே வருகிறேன் என்று அதே சேகலிடம் 2010 நவம்பரில் வெளிப்படையாகச் சொன்னார். கட்டுரை வந்த சில நாளில், மோசமான அனுபவம் தரும் பல நூறு கடைகளைக் கண்டுபிடித்து இறக்கும்படி கணக்கை மாற்றிவிட்டோம் என்று கூகுள் அறிவித்தது. வெறும் திட்டை மட்டும் வைத்து ஒரு பக்கத்தை இறக்கினால், எல்லோரும் திட்டும் அரசியல்வாதிகளைத் தேடியே கண்டுபிடிக்க முடியாது என்றும் அதில் நியாயமாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆளுக்கு 2012-ல் நான்கு ஆண்டு சிறை. வெளியே வந்து மறுபடி கண்ணாடிக் கடை போட்டு, 2017-ல் மறுபடி கைது.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2011 பிப்ரவரியில் பாண்டா என்ற மாற்றம் வந்தது. ஒப்புக்கு எழுதிக் குவித்த தளங்கள் சரிந்தன. 2012 ஏப்ரலில் பெங்குவின். இது நேரடியாகச் சுட்டி வாங்கியவர்களைக் குறிவைத்தது. அப்போதுதான் நகைச்சுவையான ஒரு தொழில் பிறந்தது. நேற்றுவரை சுட்டி போடக் காசு வாங்கியவர்களில் சிலர், இன்று அதை எடுக்கக் காசு கேட்டார்கள். அந்த அக்டோபரில், "இந்தச் சுட்டிகளை என் கணக்கில் சேர்க்காதீர்கள்" என்று ஒரு உரைக்கோப்பில் எழுதிக் கொடுக்கும் வசதியைக் கூகுள் திறந்தது.

இவ்வளவும் எழுதி அனுப்பினேன். பதிலுக்குப் போன் வந்தது. "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. பாதி அட்வான்ஸ் போட்டுட்டேனுங்க." என்னிடம் கேட்டதற்கு முந்தின நாளே போட்டிருக்கிறான்.

திட்டுவதால் பணம் வராது. அந்த ஞாயிற்றுக்கிழமை கரூருக்கே போனேன். வந்து சேர்ந்த சுட்டிகளைத் திறந்து பார்த்தோம். ரஷ்ய மொழியில் மூன்று, டயர் பற்றி ஒன்று, மீதி என்னவென்றே புரியவில்லை. கூகுளின் சர்ச் கன்சோலில் அவன் தளத்தின் மீது நடவடிக்கை எதுவும் இல்லை. அதனால் அந்த உரைக்கோப்புப் பக்கம் நாங்கள் போகவில்லை. அவசியமில்லாமல் அதைத் தொடாதே என்றுதான் கூகுளும் சொல்கிறது. மிச்சப் பணம் தர முடியாது, வேலையை நிறுத்துங்கள் என்று அவன் எழுதினான். அட்வான்ஸ் போனது போனதுதான்.

பிறகு தளத்தைப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. எல்லாப் பக்கத்துக்கும் தலைப்பு "முகப்பு". விரிப்பின் அளவு, நூல் எண், விலை எல்லாமே படத்துக்குள். எழுத்தாக ஒரு வரி இல்லை. கூகுள் மேப்பில் கடையைப் பற்றி மூன்று விமர்சனங்கள், அதில் ஒருவர் சாயம் போனது என்று எட்டு மாதத்துக்கு முன் எழுதியிருக்கிறார், பதில் இல்லை.

"அந்த ஆளுக்குப் பதில் போட்டியா?"

"போன்ல பேசி வேற பீஸ் அனுப்பிட்டனுங்களே."

"அதை அங்க எழுதினியா?"

இல்லை. அன்று மாலை எழுதினான், இரண்டே வரி. அப்புறம் ஒவ்வொரு விரிப்புக்கும் அளவை அங்குலத்தில் எழுத்தாகப் போட்டோம், தலைப்புகளை மாற்றினோம். கடையில் இருபது வருடமாக வேலை பார்க்கும் அக்காவைக் கேட்டு, முதல் சலவையில் எந்தத் துணி எவ்வளவு சுருங்கும், சாயம் நிற்குமா என்பதை வீட்டில் எப்படிச் சோதிப்பது என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும் என்று அவர் விலாவாரியாகச் சொன்னார், இவன் தட்டச்சு செய்தான். நாலு பக்கம் ஆனது. அந்தப் பக்கத்தில் அக்கா பெயரைப் போடலாமா என்று இவன் கேட்க, போட்டோவும் போடு என்றார் அவர்.