வீடியோ போக்கர்: திறமைக் கணக்கும் காசினோ சலுகைகளும்

வீடியோ போக்கர் என்பது ஐந்து சீட்டுப் போக்கர் ஆட்டத்தை அடிப்படையாகக் கொண்டு, திரையுள்ள இயந்திரத்தில் ஒருவர் தனியாக ஆடும் சூதாட்டம் ஆகும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 1970களின் இறுதியில் இது பரவத் தொடங்கியது. ஸ்லாட் இயந்திரத்தில் பொத்தானை அழுத்திய பின் ஆடுபவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. வீடியோ போக்கரிலோ எந்தச் சீட்டை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதை அவரே முடிவு செய்கிறார். இந்த வேறுபாட்டால் கணிதம் அறிந்த ஒரு சிறு கூட்டத்தினர் காசினோவின் இலாபத்தை ஏறக்குறைய இல்லாமலாக்கினர். காசினோக்கள் தாமே வழங்கிய சலுகைகளைக் கொண்டு சில காலம் அதனைத் தங்கள் பக்கம் சாய்க்கவும் செய்தனர்.

முன்னோடி இயந்திரங்கள்

1891ஆம் ஆண்டில் நியூயார்க்கின் புரூக்ளின் நகரில் சிட்மன் - பிட் நிறுவனம் ஒரு போக்கர் இயந்திரத்தை உருவாக்கியது. அதில் ஐந்து உருளைகளும் அவற்றில் 50 சீட்டுகளும் இருந்தன. காசு போட்டுக் கைப்பிடியை இழுத்தால் உருளைகள் சுழன்று ஐந்து சீட்டுகளைக் காட்டும். பரிசை இயந்திரம் தராது. மதுக்கடைக்காரரே பீர், சுருட்டு போன்றவற்றைக் கொடுப்பார்.

ஒரு கட்டில் 52 சீட்டுகள் உண்டு. விடுபட்ட இரண்டு பெரும்பாலும் ஸ்பேடு பத்தும் ஆட்டின் ஜாக்கும் ஆகும். ஒரே இனத்தின் பத்து, ஜாக், ராணி, ராஜா, ஏஸ் ஆகிய ஐந்தும் சேர்வதே ராயல் ஃபிளஷ். நான்கு இனங்களுக்கு நான்கு ராயல் ஃபிளஷ்கள் உண்டு. அந்த இரு சீட்டுகளையும் நீக்கியதால் இரண்டு ராயல் ஃபிளஷ்கள் அமையவே வழியில்லாமல் போயின. ஆடுபவருக்கு இது தெரியாது.

திரைக்கு வந்த போக்கர்

நெவாடாவில் 1931ஆம் ஆண்டு சூதாட்டம் சட்டபூர்வமாக்கப்பட்டது. அங்கு இயந்திர விற்பனையில் நீண்ட அனுபவம் பெற்றவர் வில்லியம் 'சை' ரெட் (1911–2003). அவரது சிர்கோமா நிறுவனம் 1979இல் 'டிரா போக்கர்' இயந்திரத்தை வெளியிட்டது. இந்நிறுவனமே பின்னர் இன்டர்நேஷனல் கேம் டெக்னாலஜி எனப் பெயர் பெற்று உலகின் பெரிய சூதாட்ட இயந்திர நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது.

மேசையில் மற்றவர் முன் அமர்ந்து ஆடத் தயங்கியவர்களுக்கு இந்த இயந்திரம் வசதியாக இருந்தது. ஒரு ஜோடி ஜாக் கிடைத்தாலே பந்தயப் பணத்தைத் திருப்பித் தரும் 'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' வகை மிகவும் பரவியது. இதில் சரியாக ஆடினால் நூறு ஆட்டங்களில் சுமார் 45இல் ஏதாவது ஒரு தொகை திரும்பி வரும். அதனால் கையிலுள்ள பணம் மெல்லக் கரையும். ஆடும் நேரம் நீளும்.

கணக்கிடக்கூடிய ஆட்டம்

திரையில் சீட்டுகளைக் காட்டும் இயந்திரம் உண்மையான சீட்டுக்கட்டின் நிகழ்தகவையே பின்பற்ற வேண்டும் என்பது நெவாடாவின் விதி. 1891 இயந்திரத்தில் நடந்ததுபோல் சீட்டை மறைத்து நீக்க முடியாது. 52 சீட்டுகளிலிருந்து ஐந்தை 25,98,960 வகைகளில் எடுக்கலாம். பரிசு அட்டவணையோ இயந்திரத்தின் முகப்பிலேயே இருக்கிறது. ஆகவே இயந்திரம் நீண்டகாலத்தில் எவ்வளவு திருப்பித் தரும் என்பதை யார் வேண்டுமானாலும் கணக்கிடலாம். ஸ்லாட் இயந்திரத்தில் இது இயலாது.

ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு இயந்திரங்களின் பரிசு அட்டவணைகள் வேறாக இருக்கலாம். ஃபுல் ஹவுசுக்கு 9, ஃபிளஷுக்கு 6 எனத் தரும் இயந்திரம் '9/6' எனப்படுகிறது. அதில் பிழையின்றி ஆடினால் நீண்டகாலத்தில் 99.54 விழுக்காடு திரும்ப வரும். '8/5' இயந்திரத்தில் அது 97.30 விழுக்காடு மட்டுமே. இழப்பு வீதம் 0.46இலிருந்து 2.70ஆக, ஏறத்தாழ ஆறு மடங்காகிறது. எனவே எந்த இயந்திரத்தின் முன் அமர்வது என்பதே இந்த ஆட்டத்தின் முதல் திறமை.

சரியான முடிவு

இரண்டாவது திறமை சீட்டைக் கழிப்பதில் உள்ளது. ஒருவருக்கு ஆட்டின் இனத்தில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக், நாலு ஆகியவை வந்துள்ளன எனக் கொள்வோம். இது ஃபிளஷ், பந்தயத்தைப் போல் 6 மடங்கு உறுதி. நாலைக் கழித்தால் மீதமுள்ள 47 சீட்டுகளில் ஒன்று ஆட்டின் பத்து. அது வந்தால் ராயல் ஃபிளஷ். முழுப் பந்தயமான ஐந்து காசு போட்டு ஆடுபவருக்கு 800 மடங்கு கிடைக்கும். 800ஐ 47ஆல் வகுத்தால் 17. கையிலுள்ள 6ஐ விட்டுவிடுவதே சரி என்கிறது கணக்கு. ஜோடியுடன் ஏஸையும் சேர்த்து வைத்திருப்பதும், ஐந்து காசுக்குக் குறைவாகப் போட்டு ஆடுவதும் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகள். குறைவாகப் போட்டால் ராயல் ஃபிளஷுக்கு 250 மடங்கே கிடைக்கும்.

ஓய்வுபெற்ற பொறியாளரான லென்னி ஃப்ரோம் இத்தகைய முடிவுகளைக் கணினியால் கணக்கிட்டு, எளிய வரிசைப் பட்டியலாக நூல்களில் வெளியிட்டார். பின்னர் வந்த பயிற்சி மென்பொருள்கள் ஒவ்வொரு பிழையையும் உடனே சுட்டிக்காட்டின.

சலுகைகளின் காலம்

1980களில் காசினோக்கள் ஸ்லாட் கிளப்புகளைத் தொடங்கின. உறுப்பினர் அட்டையை இயந்திரத்தில் செருகி ஆடினால், பந்தயத் தொகைக்கு ஏற்பப் புள்ளிகள் சேரும். அவை பணமாகவோ (கேஷ்பேக்) இலவச உணவு, அறை ஆகியவையாகவோ திரும்பும். குறிப்பிட்ட நாள்களில் இரட்டைப் புள்ளி, அஞ்சலில் இலவச ஆட்டக் கூப்பன், ராயல் ஃபிளஷுக்குக் கூடுதல் பரிசு எனச் சலுகைகள் பெருகின.

இவை பெரும்பாலும் ஸ்லாட் ஆடுபவர்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. பல விழுக்காடு இழப்பவருக்கு அரை விழுக்காடு திருப்பித் தருவது காசினோவுக்குப் பெரிதல்ல. ஆனால் அரை விழுக்காட்டுக்கும் குறைவாக இழக்கும் போக்கர் ஆட்டக்காரருக்கு அதே சலுகை கிடைத்தபோது கணக்குத் தலைகீழானது.

ஆங்கில ஆசிரியையாக இருந்த ஜீன் ஸ்காட் சிறிய பந்தயங்களில் ஆடி, சலுகைகளை முழுமையாகப் பயன்படுத்துவதைத் தம் 'தி ஃப்ரூகல் கேம்பிளர்' (1998) நூலில் விளக்கினார். பாப் டான்சர் என்ற புனைபெயரில் எழுதியவர் 2000–2001 காலத்தில் தம் மனைவியுடன் சேர்ந்து ஆறு மாதங்களில் 10 லட்சம் டாலருக்கு மேல் வென்றார். இதில் 4 லட்சம் டாலர் ஒரே ஒரு ராயல் ஃபிளஷால் வந்தது. திறமை அவரை அந்த இயந்திரத்தின் முன் அமர்த்தியது. அந்தத் தொகையைத் தந்ததில் அதிர்ஷ்டத்திற்கும் பங்குண்டு.

இலாபத்தின் உண்மையான அளவு

கால் டாலர் '9/6' இயந்திரத்தில் முழுப் பந்தயம் 1.25 டாலர். மணிக்கு 600 ஆட்டம் ஆடினால் மொத்தப் பந்தயம் 750 டாலர். பிழையே செய்யாதவரின் எதிர்பார்ப்பு இழப்பு 3.45 டாலர். இரட்டைப் புள்ளி நாளில் 0.5 விழுக்காடு கேஷ்பேக் கிடைத்தால் 3.75 டாலர் திரும்பும். மிச்சம் மணிக்கு 30 சென்ட். மணிக்கு ஓரிரு பெரிய பிழைகள் செய்தால் அதுவும் போய்விடும்.

அந்த 30 சென்ட்டும் சீராக வருவதில்லை. ராயல் ஃபிளஷ் சராசரியாக 40,000 ஆட்டங்களுக்கு ஒருமுறையே வரும். அதாவது சுமார் 67 மணி நேரத்திற்கு ஒருமுறை. அது வரும்வரை கேஷ்பேக்கைக் கழித்த பின்னும் மணிக்கு ஏறத்தாழ 14 டாலர் குறைந்துகொண்டே இருக்கும். 40,000 ஆட்டங்கள் ஆடியும் ஒரு ராயல் ஃபிளஷ் கூட வராமல் போகும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இதைத் தாங்கும் கையிருப்பு இல்லாதவருக்குக் கணக்கு சரியாக இருந்தும் பணம் முடிந்துவிடும்.

காசினோக்களின் எதிர்வினை

காசினோக்களும் கணக்கு அறிந்தவையே. நல்ல பரிசு அட்டவணைகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. பல இடங்களில் போக்கர் இயந்திரங்களுக்குக் குறைந்த புள்ளி வழங்கப்பட்டது. இரட்டைப் புள்ளி நாள்களிலிருந்து சில இயந்திரங்கள் விலக்கப்பட்டன. தொடர்ந்து வெல்பவர்களுக்கு அஞ்சல் கூப்பன்கள் நின்றுபோயின. எதிர்பார்ப்பு 100.76 விழுக்காடாக இருந்த பழைய 'டியூசஸ் வைல்ட்' அட்டவணை இன்று மிக அரிது.

சமூக விளைவு

திறமையால் வெல்லலாம் என்ற நம்பிக்கை, திறமையைக் கற்காத பெரும்பாலோரையும் இயந்திரத்தின் முன் அமர்த்தியது. தெற்குக் கரோலினா மாநிலத்தில் 1990களின் இறுதியில் 30,000க்கும் மேற்பட்ட வீடியோ போக்கர் இயந்திரங்கள் கடைகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் இருந்தன. குடும்பங்கள் சீரழிவதாக எழுந்த எதிர்ப்பாலும் நீதிமன்றத் தீர்ப்பாலும் 2000 ஜூலை முதல் அவை தடை செய்யப்பட்டன. மானுடவியலாளர் நடாஷா டவ் ஷூல் தம் 'அடிக்‌ஷன் பை டிசைன்' (2012) நூலில் லாஸ் வேகஸ் ஆட்டக்காரர்களை ஆராய்ந்தார். அவர்களில் பலர் வெல்வதற்காக அன்றி, உலகை மறந்து ஆட்டத்தைத் தொடர்வதற்காகவே ஆடினர் என்பதை அவர் காட்டுகிறார்.

வீடியோ போக்கரின் கணிதம் எவருக்கும் மறைக்கப்படவில்லை. பரிசு அட்டவணை எப்போதும் கண்முன்னே இருந்தது. அதைப் படித்துப் பயனடைந்தவர்கள் சிலரே. அந்தச் சிலருக்குச் சென்ற சலுகைப் பணமும், படிக்காமல் ஆடிய பலர் இழந்த பணத்திலிருந்தே வந்தது.