மின்சாரத்துக்காக இரண்டாவது தடவையும்

பசுமை மின்சாரம் எண்டு கேட்டால் எனக்கு நல்ல விஷயமாகத்தான் தெரியும். நிலக்கரி வேண்டாம், காற்றும் வெயிலும் போதும் எண்டு சொல்லுற தலைமுறைதானே நாங்கள். அமெரிக்காவின் யாக்கமா பழங்குடி மக்களுடைய வரலாற்றை வாசித்த பிறகு, அந்தச் சொல்லை அவ்வளவு இலேசாகச் சொல்ல முடியவில்லை.

1855இல் யாக்கமா தலைவர்கள் அமெரிக்க அரசுடன் ஒப்பந்தம் செய்தார்கள். இன்றைய வொஷிங்டன் மாநிலத்தில் தங்களுடைய நிலத்தில் பெரும்பகுதி கையை விட்டுப் போனது. ஆனாலும் சில உரிமைகளை அவர்கள் விடவில்லை: வழக்கமான இடங்களில் மீன் பிடிப்பது, கிழங்கும் பழங்களும் சேகரிப்பது. அவர்களுக்கு இது வெறும் சாப்பாட்டு விஷயம் இல்லை, வழிபாடும்தான்.

கொலம்பியா ஆற்றின் செலைலோ நீர்வீழ்ச்சியில் யாக்கமாவும் அயல் பழங்குடிகளும் பல்லாயிரம் வருடங்களாகச் சால்மன் மீன் பிடித்தார்கள். 1957 மார்ச் 10ஆம் திகதி, புதிதாகக் கட்டிய த டால்ஸ் அணையின் கதவுகள் மூடப்பட்டன. சில மணித்தியாலங்களில் நீர்வீழ்ச்சி தண்ணீருக்குள் மறைந்துபோனது. அந்த அணை தருவதும் புகையில்லாத மின்சாரம்தான்.

இப்போது அதே ஆற்றங்கரையில் கோல்டன்டேல் திட்டம் வருகிறது. காற்று, சூரிய மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரைக் கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து மலைமேல் ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு 1,200 மெகாவொட் வரை எடுப்பார்கள். மேல் நீர்த்தேக்கம் வரப்போகும் மலையை யாக்கமா மக்கள் 'புஷ்பும்' என்கிறார்கள். கிழங்குகளின் தாய் என்பது அதன் பொருள். இன்றும் அங்கே உணவுக்கும் சடங்குக்கும் கிழங்கு எடுக்கிறார்கள்.

இதில் என்னைக் கூடுதலாகத் தொட்டது வேறொரு சிக்கல். எந்த இடம், ஏன் புனிதம் எண்டு விளக்கினால்தான் அதிகாரிகள் பாதிப்பை எடைபோடுவார்கள். ஆனால் சொன்னதெல்லாம் பகிரங்க ஆவணமாகிவிடலாம். சடங்கு அறிவை வெளியாருக்குச் சொல்லக்கூடாது என்பது யாக்கமா மரபு. கோயிலைக் காப்பாற்ற வேணுமெண்டால் மூலஸ்தானத்தைத் திறந்து எல்லாருக்கும் காட்டு எண்டு கேட்பது மாதிரித்தான் இது.

2024இல் வந்த மத்திய எரிசக்தி ஆணைக்குழுவின் இறுதிச் சூழல் அறிக்கை, பண்பாட்டு இடங்களுக்குப் பாதிப்பு வரும் எண்டு ஒத்துக்கொண்டது. ஆனாலும் அனுமதி கொடுக்கலாம் எண்டுதான் பரிந்துரைத்தது.

காலநிலை சூடாகிக்கொண்டு போகுது, புகையில்லாத மின்சாரம் கட்டாயம் வேணும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1957இல் நீர்வீழ்ச்சியைப் பறிகொடுத்த மக்களிடமே இப்போது மலையையும் கேட்கிறோம். அவர்கள் 'இல்லை' எண்டு சொன்னால், அந்தச் சொல்லுக்கு ஏதாவது பெறுமதி இருக்க வேண்டாமா?