கடிகாரத்துக்கு ஒரு செல், கேம் கன்ட்ரோலருக்கு வேறு செல்: பேட்டரி செலவைக் குறைப்பது எப்படி?

சுவர்க் கடிகாரம், டிவி ரிமோட், ஏசி ரிமோட், வயர்லெஸ் மவுஸ், கீபோர்டு, எடை மெஷின், குழந்தையின் ரேஸ் கார்... ஒரு சாதாரண ஃபிளாட்டில் எண்ணிப் பார்த்தால் பத்துப் பதினைந்து பேட்டரிகளாவது ஓடிக்கொண்டிருக்கும். மளிகை ஆர்டரோடு சேர்த்தே வாங்கிவிடுவதால், இதற்கு வருஷத்துக்கு எவ்வளவு போகிறது என்று பெரும்பாலும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

எல்லாச் சாதனத்துக்கும் ஒரே வகை செல் வாங்குவதில்தான் பணம் வீணாகிறது. செல்லின் விலையை மட்டும் பார்த்தால் போதாது. சாதனம் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கடையில் கிடைப்பவை எத்தனை வகை?

ஏஏ (பென்சில் செல்), ஏஏஏ ஆகிய இரண்டு அளவுகளிலும் முக்கியமாக மூன்று வகைகள் உண்டு.

ஜிங்க் கார்பன்: விலை குறைவு, சக்தியும் குறைவு. இந்த வகையில் பல செல்களின் மேல் 'ஹெவி டியூட்டி' என்று அச்சிட்டிருக்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், மூன்றில் இதுதான் பலவீனமானது.

ஆல்கலைன்: விலை இரண்டு மூன்று மடங்கு இருக்கும், ஆனால் அதற்கேற்ப அதிக நாள் உழைக்கும். பல ஆண்டுகள் சும்மா வைத்திருந்தாலும் சக்தி அதிகம் குறையாது.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு (ரீசார்ஜபிள்): முதல் செலவு அதிகம். ஆனால் நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் செய்யலாம்.

எந்தச் சாதனத்துக்கு எது லாபம்?

கணக்குக்காகத் தோராயமாகச் சில விலைகளை எடுத்துக்கொள்வோம். ஜிங்க் கார்பன் செல் 15 ரூபாய், ஆல்கலைன் 40 ரூபாய், நான்கு ரீசார்ஜபிள் செல்களும் சார்ஜரும் சேர்ந்து 1,600 ரூபாய். உங்கள் கடை விலையைப் போட்டும் பார்க்கலாம்.

சுவர்க் கடிகாரம் மிகக் குறைந்த மின்சாரத்தையே இழுக்கும். 15 ரூபாய் செல் ஒன்றே ஏறக்குறைய ஒரு வருஷம் ஓட்டிவிடும். இதற்குப் போய் ரீசார்ஜபிள் வாங்கினால் போட்ட காசை எடுக்கவே பல வருஷம் ஆகும்.

கேம் கன்ட்ரோலர் கதையே வேறு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு ஆல்கலைன் செல் மாற்றுகிறீர்கள் என்றால், ஒவ்வொரு முறையும் 80 ரூபாய், வருஷத்துக்கு 26 முறை, மொத்தம் 2,080 ரூபாய். ரீசார்ஜபிளுக்குப் போட்ட 1,600 ரூபாய், 20 முறை மாற்றும் நேரத்தில் திரும்பிவிடும். அதாவது சுமார் ஒன்பது மாதம். அதற்குப் பிறகு மிச்சம்தான்.

சுருக்கமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்:

- மாதம் ஒருமுறையாவது செல் மாற்றும் சாதனங்கள் (மோட்டார் பொம்மை, கேம் கன்ட்ரோலர், கேமரா ஃபிளாஷ்): ரீசார்ஜபிள்
- சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுபவை (மவுஸ், கீபோர்டு, பிபி மெஷின்): ஆல்கலைன்
- வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுபவை (கடிகாரம், டிவி ரிமோட்): ஜிங்க் கார்பனே போதும்

சார்ஜ் செய்ய கரண்ட் பில் எகிறாதா?

எகிறாது. 2,000 எம்ஏஎச் செல் ஒன்றில் சேரும் ஆற்றல் சுமார் 2.4 வாட் ஹவர். சார்ஜரில் பாதி வீணானாலும் ஒரு செல்லுக்கு 5 வாட் ஹவர்தான் செலவாகும். ஒரு யூனிட் மின்சாரத்தில் 200 முறை சார்ஜ் செய்யலாம். யூனிட் 8 ரூபாய் என்றால், ஒரு முறைக்கு 4 பைசா!

ரீசார்ஜபிள் 1.2 வோல்ட்தானே, சாதனம் வேலை செய்யுமா?

பெரும்பாலும் செய்யும். ஆல்கலைன் செல் 1.5 வோல்ட்டில் தொடங்கினாலும், உபயோகிக்க உபயோகிக்க இறங்கிக்கொண்டே வரும். ரீசார்ஜபிள் செல் கிட்டத்தட்ட கடைசி வரை 1.2 வோல்ட்டிலேயே நிற்கும்.

ஆனால் டிஜிட்டல் டோர் லாக் விஷயத்தில் கவனம் தேவை. 'பேட்டரி தீரப்போகிறது' என்ற எச்சரிக்கையை அது வோல்ட் இறங்குவதை வைத்துத்தான் கொடுக்கிறது. ரீசார்ஜபிள் செல் கடைசியில் சட்டென்று விழுந்துவிடும் என்பதால் எச்சரிக்கை வராமலே பூட்டு செயலிழக்கலாம். ராத்திரி 11 மணிக்கு ஆபீஸிலிருந்து வந்து வாசலில் நிற்பதைவிட, பூட்டின் கையேட்டில் சொன்ன வகையைப் போடுவது மலிவு. பெரும்பாலும் அது ஆல்கலைனாக இருக்கும்.

வாங்கும்போது எங்கே ஏமாறுகிறோம்?

முதல் இடம், எம்ஏஎச் எண். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ செல்லில் நிஜமாகக் கிடைப்பது ஏறக்குறைய 2,000 முதல் 2,800 எம்ஏஎச் வரைதான். 4,000, 5,000 என்று போட்டிருந்தால் நம்ப வேண்டாம்.

இரண்டாவது, அலகு. யூஎஸ்பி-சி கேபிளில் சார்ஜ் ஆகும் 1.5 வோல்ட் லித்தியம் செல்களில் 'எம்டபிள்யூஎச்' என்ற அலகில் பெரிய எண் போட்டிருப்பார்கள். அதை 1.5-ஆல் வகுத்தால்தான் எம்ஏஎச் கிடைக்கும். 3,000 எம்டபிள்யூஎச் என்றால் 2,000 எம்ஏஎச், அவ்வளவுதான்.

மூன்றாவது, சார்ஜர். செல் நிறைந்ததும் தானாக நிற்கும், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள். நிற்கத் தெரியாத மலிவு சார்ஜர் செல்களைச் சூடாக்கியே ஆயுளைக் குறைத்துவிடும்.

பட்டன் செல் வாங்கும்போது மேலே இருக்கும் எண்ணைப் படியுங்கள். 'சிஆர் 2032' என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். '2025' என்றால் தடிமன் 2.5. இரண்டுமே 3 வோல்ட்தான், ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று சரியாக உட்காராது.

இருக்கும் செல்லை அதிக நாள் ஓட்ட முடியுமா?

முடியும். பொம்மை காரை ஓட்ட முடியாத செல்லில் இன்னும் கொஞ்சம் சக்தி மிச்சமிருக்கும். அதைக் கடிகாரத்தில் போட்டால் சில வாரம், சில மாதம்கூட ஓடும். குப்பைக்கு அனுப்பும் முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள்.

பழைய செல்லையும் புது செல்லையும் சேர்த்துப் போடாதீர்கள். பலவீனமான செல் முதலில் தீர்ந்து, கசியத் தொடங்கும். கசிவு போய்ச் சேருவது சாதனத்தின் உள்ளே. 15 ரூபாய் செல்லால் ஏசி ரிமோட்டே போய்விடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஏசி சீசன் முடிந்ததும் ரிமோட்டிலிருந்து செல்லைக் கழற்றி வைப்பது நல்ல பழக்கம்.

ஆல்கலைன் செல் கசிந்து வெள்ளையாகப் படிந்திருந்தால், கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். பல சமயம் சாதனம் பிழைத்துவிடும்.

ஃபிரிட்ஜில் வைப்பது, வெயிலில் காய வைப்பது, பல்லால் கடிப்பது எதுவும் வேண்டாம். ரீசார்ஜபிள் அல்லாத செல்லை சார்ஜரில் போடவே கூடாது, கசியலாம், வெடிக்கலாம்.

சேமிப்பைவிட முக்கியமான ஒன்று

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பட்டன் செல்லைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கிய செல் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண்ணை உண்டாக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தீர்ந்த செல்களையும் குப்பைக் கூடையில் போட வேண்டாம். 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் சின்ன செல்களுக்கும் பொருந்தும். அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பு நிறுவனங்களுக்கு உண்டு, வீட்டுக் குப்பையோடு கலக்காமல் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு நமக்கு. ஒரு பழைய டப்பாவில் சேர்த்து வைத்து, இ-வேஸ்ட் சேகரிப்பு மையத்தில் கொடுத்துவிடலாம். லித்தியம் செல் என்றால் இரு முனையிலும் டேப் ஒட்டி வையுங்கள்.

அடுத்த முறை செல் மாற்றும்போது அதன் மேல் தேதியை எழுதி வையுங்கள். அது தீர்ந்து வெளியே வரும் நாளில், அந்தச் சாதனத்துக்கு எந்த வகை லாபம் என்பது தெரிந்துவிடும்.