பாவம் போக்கும் துறையும் பல்லில் ஏறிய கறையும்

அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியே காட்டுச் சாலையில் தெற்கு நோக்கி இறங்கினால் ஒகேனக்கல். தளி மலைப்பக்கம் பிறந்து வரும் சின்னாறு, காவிரியோடு கலக்கும் இடம். ஆடிப் பதினெட்டில் அங்கே மக்கள் வெள்ளம் ஆற்று வெள்ளத்தோடு போட்டியிடும். தேசநாதேசுவரர் கோயில் மணி ஒலிக்கும். முழுகி எழுந்தால் பாவம் தீரும் என்பர்.

அந்த ஊருக்குப் பெயரிட்டவன் புராணிகன் அல்லன். கன்னடத்தில் ‘ஹொகெ’ என்றால் புகை. கல் நமக்கும் கல்லே. பாறையில் மோதிச் சிதறும் திவலை புகையாய் எழக் கண்டான். புகையும் கல் என்றான். கண்டதைச் சொன்னான், காணாததைக் கட்டவில்லை! அங்குள்ள கார்பனடைட் பாறையின் வயது சுமார் 240 கோடி ஆண்டுகள் என்கின்றனர் அறிவியலார். யுகக் கணக்குப் பேசுவோர் ஏட்டை நீட்டுவர். இவர்களோ கல்லை உடைத்துக் கணக்கிட்டனர்.

முழுகுவோரை நாம் ஏளனம் செய்யவில்லை. கூலி வேலையில் நொந்த உடலுக்கு அருவி இன்பமே. நாம் கேட்பது வேறு. புண்ணிய நீர் புரண்டோடிய கரைக்கு அப்பால், அதே வட்டாரத்து மக்கள் குடித்தது எந்த நீர்?

கிணற்று நீர். தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிப் பாறைகளில் புளோரைடு உண்டு. நிலத்தடி நீர் அதைக் கரைத்துக் கொண்டு வரும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த வரம்பு. அது மீறிய நீரைச் சிறு வயதில் குடித்தால், முளைக்கும் பல்லே கறையோடு முளைக்கும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பு இறுகும், மூட்டு மடங்காது, முதுகு வளையும். வளைந்த முதுகைக் கண்டு ‘முன்வினை’ என்று சொல்லவா ஆள் இல்லை, இந்த நாட்டில்!

முன்வினை அன்று, முன்னாலிருந்த குடத்து நீர்தான் என்பது 1937-லேயே தெரியும். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இந்நோயை ஆராய்ந்த மருத்துவர்கள் எழுதி வைத்துவிட்டனர். அதற்கும் மூன்றாண்டு முன்பே, 1934-ல், இதே காவிரியை மேட்டூரில் மறித்து வயலுக்குத் திருப்பியாயிற்று. நோயின் காரணமும் தெரிந்தது, ஆற்றை ஆளும் வித்தையும் தெரிந்தது. எனினும் 2008-ல்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கலைஞர் அடிக்கல் நாட்டினார். எல்லைக்கு அப்பால் எதிர்ப்பு எழுந்தது. சப்பானியக் கடனுதவி பெற்று, 1,928 கோடி ரூபாய்த் திட்டமாக வளர்ந்து, 2013-ல் செயலலிதா தொடங்கி வைத்தார்.

1937 எங்கே, 2013 எங்கே? இடையே 76 ஆடிப் பெருக்குகள்! அத்தனை முழுக்கிலும் கரையாத கறை, குழாய் நீர் வந்த பிறகு பிறந்த பிள்ளையின் பல்லில் ஏறாமல் நிற்கக் கூடும், குழாய் வறளாதிருந்தால். வறண்டால் குடம் மீண்டும் ஆழ்குழாய்க் கிணற்றுக்கே போகும். அஞ்செட்டிப் பக்கத்துத் தோழர்கள் தத்தம் ஊர்க் கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்பி, புளோரைடு எவ்வளவு என்பதை ஊர்ச் சாவடிச் சுவரில், எல்லோரும் படிக்கும் அளவில், பெரிதாக எழுதி ஒட்டட்டும்.