வென்றது புரோகிராமா, மெஷினா?

நம் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில், சீக்கிரம் விடை தரும் புரோகிராமுக்குப் பரிசு என்று ஒரு போட்டி வைத்தார்கள். பரிசுக் கோப்பை எனக்கு. எனக்கு வாய்த்தது புது 486. பக்கத்தில் இருந்த நண்பனுக்குப் பழைய 286. "உன் புரோகிராமை என் மெஷின்ல ஓட்டிப் பாருடா!" என்றான். நான் ஓட்டவில்லை.

இதே வழக்கு உலக அரங்கிலும் உண்டு. 1974-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய உலகக் கம்ப்யூட்டர் சதுரங்கப் போட்டிக்கு எந்த மெஷினையும் கொண்டுவர முடிந்தது. 1983, 1986 இரண்டிலும் கிரே சூப்பர் கம்ப்யூட்டரில் ஓடிய 'கிரே பிளிட்ஸ்' வென்றது. 1995-இல் ஹாங்காங்கில், சாதாரண 90 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தில் ஓடிய 'ஃபிரிட்ஸ்', ஐ.பி.எம்.மின் 'டீப் புளூ' முன்மாதிரியையே வீழ்த்திப் பட்டம் பெற்றது. ஒரு முறை ஏழை ஜெயித்தால் விதி நியாயமாகிவிடுமா? 2009-இல் எட்டு கோர்களுக்கு மேல் கூடாது என்றார்கள். 2010-இல் அந்த வரம்பை நீக்கி, எல்லோருக்கும் ஒரே மாதிரி மெஷின் என்று தனியாக இன்னொரு போட்டியும் தொடங்கினார்கள். மெஷினோடு சேர்ந்த பலத்துக்கு ஒரு பட்டம், புரோகிராமுக்கு மட்டும் ஒரு பட்டம்.

நம் லேபில் இருந்தது ஒரே கோப்பை. நண்பா, அது இன்னும் என் அலமாரியில்தான் இருக்கு. வந்து எடுத்துக்கோ.