காலணாக் கணக்கும் கோல் மார்க்கெட்டும்

1957 ஏப்ரல் 1, திங்கட்கிழமை. அன்று முதல் ஒரு ரூபாய்க்கு நூறு நயா பைசா. முந்தைய நாள்வரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா, பைசாவுக்கு 3 தம்பிடி. சட்டம் ஒரே நாளில் மாறிவிட்டது. புழக்கத்தில் இருந்த காசு அவ்வளவு விரைவில் மாறவில்லை. பழைய அணாவும் புதிய பைசாவும் ஒரே கல்லாவில் கலந்து கிடந்தன. ஈரணாவுக்குப் பொருள் வாங்கியவர் புதுக் காசில் எவ்வளவு தர வேண்டும்? 16 அணா நூறு பைசா என்றால், ஈரணா பன்னிரண்டரை. அரைப் பைசா நாணயமே கிடையாது. கடைக்காரர் பதிமூன்று கேட்டால், அது சட்டப்படி தவறு. சரியான விடை பன்னிரண்டு.

ஒரு பைசா வித்தியாசம்தான். ஆனால் நாள்தோறும் கடைக்குப் போகிற வீட்டில் அது மாதக் கடைசியில் வந்து நிற்கும். சம்பளம் ஒன்றாம் தேதி வரும், இருபதாம் தேதிக்குள் கரையும் என்று வாழ்ந்த குடும்பங்களுக்கு அது பெரிய விஷயம். அப்படிப்பட்ட குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி தில்லியின் கோல் மார்க்கெட்.

1911 தர்பாரில் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவித்த பிறகு, புது தில்லி எழுந்தது. யார் எங்கே குடியிருப்பது என்பதைப் பதவியே தீர்மானித்தது. மேலதிகாரிகளுக்கு மரங்கள் சூழ்ந்த பங்களாக்கள். குமாஸ்தாக்களுக்கு கோல் மார்க்கெட்டைச் சுற்றிய வரிசைக் குவார்ட்டர்ஸ். அந்தக் குடியிருப்புகளுக்கு இன்றும் டி.ஐ.இசட். (தில்லி இம்பீரியல் ஜோன்) ஏரியா என்றே பெயர். சாலைகள் வந்து கூடும் வட்டத்தின் நடுவில் 1921-இல் எழுந்தது சந்தைக் கட்டடம். பன்னிரண்டு பக்கங்கள், சுண்ணாம்பு வெள்ளை, சுற்றிலும் வளைவு வாசல்கள். காய்கறி, இறைச்சி, மீன், முட்டை என்று சுற்றுவட்டாரத்தின் அன்றாடத் தேவைகள் அங்கே கிடைத்தன.

அந்தக் குமாஸ்தாக்களில் தமிழர் கணிசம். வெள்ளைக்கார அரசாங்கம் வெயிற்காலத்தில் சிம்லாவுக்கும் குளிர்காலத்தில் தில்லிக்கும் மாறிக்கொண்டிருந்த காலத்திலேயே அவர்கள் கோப்புகளோடு கூடவே போய்வந்தார்கள். பிள்ளைகளின் படிப்புக்காக அவர்கள் 1923-இல் தொடங்கிய பள்ளிதான் இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளாக வளர்ந்து நிற்கிறது. அதில் ஒன்று, கோல் மார்க்கெட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், மந்திர் மார்க்கில் இருக்கிறது. ஊர் புதிது, மொழி புதிது. கடையில் பேசுகிற அளவையும் புதிது.

அளவையின் குழப்பம் இன்றைய தலைமுறைக்குக் கற்பனைக்கு எட்டாதது. சென்னையில் சேர் என்றால் எட்டுப் பலம், ஏறத்தாழ 280 கிராம். ஐந்து சேர் ஒரு வீசை. தில்லியில் சேர் என்றால் 80 தோலா, அதாவது 933 கிராம். பெயர் ஒன்றேதான், எடை மூன்று மடங்குக்கு மேல். சென்னை மணங்கு பதினொரு கிலோ சொச்சம். வடக்கே மணங்கு முப்பத்தேழு கிலோவுக்கு மேல். கும்பகோணத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்து இறங்கிய ஒரு பெண், மளிகைக் கடையில் "ஏக் சேர்" என்று கேட்குமுன் இவ்வளவையும் மனத்தில் மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கடைக்காரர் விளக்கிக்கொண்டு நிற்கமாட்டார். பின்னால் பத்துப் பேர் காத்திருப்பார்கள்.

இந்தப் பின்னணியில்தான் நயா பைசா வந்தது. அப்போது நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அவருடைய அமைச்சகம் இருந்த நார்த் பிளாக் கோல் மார்க்கெட்டிலிருந்து வெகுதூரம் இல்லை. சட்டத்தின் கோப்பைத் தூக்கிச் சுமந்த அலுவலகங்களின் ஊழியர்கள், அந்தச் சட்டத்தைச் செயலில் சந்தித்த இடம் தங்கள் வீட்டுப் பக்கத்துக் கடைதான்.

நாடாளுமன்றம் 1955-இல் நிறைவேற்றிய நாணயத் திருத்தச் சட்டத்தின் விதி எளிமையானது. மாற்றும்போது அரைப் பைசாவோ அதற்குக் குறைவோ மிஞ்சினால் விட்டுவிட வேண்டும். அரைக்கு மேல் போனால் முழுப் பைசாவாக எடுத்துக்கொள்ளலாம். ஓரணா 6 பைசா, ஈரணா 12, மூன்றணா 19, நாலணா 25. இந்தப் பட்டியலைச் செய்தித்தாள்கள் அச்சிட்டன, அரசும் பல மொழிகளில் பரப்பியது. ஈரணா, ஆறணா, பத்தணா, பதினாலணா ஆகிய நான்கிலும் சரிபாதி மிஞ்சும். நான்கிலும் அந்த அரைப் பைசா பணம் கொடுப்பவருக்கே ஆதாயம். முறையே 12, 37, 62, 87.

விதி எளிது, அதைக் கடையில் பயன்படுத்துவது அப்படி இல்லை. காலணாவுக்குக் கொத்தமல்லி, காலணாவுக்குப் பச்சை மிளகாய், காலணாவுக்கு இஞ்சி, காலணாவுக்கு எலுமிச்சை. ஒரு காலணா 1.56 பைசா. தனித்தனியே மாற்றினால் ஒவ்வொன்றும் இரண்டு பைசா, மொத்தம் எட்டு. நான்கையும் முதலில் கூட்டினால் ஓரணா. ஓரணாவுக்கு ஆறு பைசா. அதே பை, அதே காய், மூன்றில் ஒரு பங்கு விலை கூடுதல். பொருளுக்குப் பொருள் மாற்றக் கூடாது, கூட்டிவிட்டு மொத்தத்தை ஒரே முறை மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர் தப்பித்தார். தெரியாதவர் இழந்தார். எதிர்த்திசையிலும் இது நடக்கும். ஓரணாப் பொருள் ஆறு வாங்கித் தனித்தனியே கணக்கிட்டால் 36 பைசா, கூட்டிக் கணக்கிட்டால் 37. அங்கே இழப்பவர் கடைக்காரர். மொத்தத்தை மாற்றுவது இருவருக்கும் நியாயமான வழி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இங்கே கடைக்காரரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வடக்கத்திய வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாக வாய்ப்பாட்டுச் சூத்திரங்களால் வாழ்ந்தவர்கள். மணங்கு எத்தனை ரூபாயோ, இரண்டரைச் சேர் அத்தனை அணா என்பது அவற்றில் ஒன்று. மணங்குக்கு 40 சேர், ரூபாய்க்கு 16 அணா. நாற்பதைப் பதினாறால் வகுத்தால் இரண்டரை. காகிதமும் பென்சிலும் இல்லாமல், வாடிக்கையாளர் கேட்டு முடிக்குமுன் விலை சொல்லும் திறமை அதிலிருந்து வந்தது. நம் எண்சுவடியில் மாகாணியும் அரைக்காலும் மனப்பாடம் செய்த தமிழ் வணிகருக்கும் அதே திறமை இருந்தது. அந்தச் சூத்திரங்கள் அத்தனையும் ஒரே சட்டத்தில் பயனற்றுப் போயின. சிறு பையனாகக் கடையில் உட்கார்ந்த நாள் முதல் தன்னைக் காப்பாற்றிய கணக்கு திடீரென்று கைவிட்டபோது, கடைக்காரருக்கு வந்த எரிச்சலில் பேராசை மட்டும் இருந்ததாகச் சொல்ல முடியாது. தடுமாற்றமும் இருந்தது. அதைப் புரிந்துகொண்டவருக்கு நிதானம் தானாக வந்தது.

காசு மாறி முடிவதற்குள் எடையும் மாறத் தொடங்கியது. 1956-இல் வந்த எடை, அளவைச் சட்டத்தின்படி 1958 அக்டோபரில் கிலோ கட்டங்கட்டமாக அறிமுகமாகி, 1962 ஏப்ரலில் எடைகளில் நாடெங்கும் கட்டாயமாயிற்று. இந்தியத் தர நிறுவனத்தின் முதல் இயக்குநர் லால் சந்த் வர்மன் இந்த மாற்றத்துக்காக உழைத்தவர்களில் முக்கியமானவர். பின்னர் ஜைநாத் கௌலுடன் சேர்ந்து அதன் வரலாற்றையும் தொகுத்தார்.

கால் சேர் என்பது தில்லிப் பேச்சில் பாவ், 233 கிராம். கிலோ வந்ததும் பாவ் என்ற அதே சொல் 250 கிராமைக் குறிக்கத் தொடங்கியது, இன்றும் அப்படித்தான். பன்னிரண்டணாச் சேர் விலையில் ஒரு பாவ் பருப்பு மூன்றணா, அதாவது 19 நயா பைசா. புதிய பாவுக்குக் கடைக்காரர் 20 கேட்டால் அவர் ஏமாற்றவில்லை. கூடுதலாகத் தந்த பதினேழு கிராமுக்கு அந்தப் பைசா சரியே. 22 கேட்டால்தான் தவறு. கணக்குத் தெரிந்த வாடிக்கையாளருக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும். தன் பக்கம் நியாயம் எங்கே முடிகிறது என்று அறிந்தவரின் வாதத்துக்குத்தான் எதிரே நிற்பவர் காது கொடுப்பார்.

கடையில் குரல் உயர்த்தியவர்கள் அன்றைய சண்டையில் ஜெயித்திருக்கலாம். ஆனால் நாளைக்கும் அதே கடைக்குத்தான் போக வேண்டும். மாதக் கடைசியில் கடன் சொல்லவும் அதே கடைதான். கடைக்காரரையே கூட்டச் சொல்வது, பட்டியலை முன்னால் வைப்பது, மற்றவர் முன்னிலையில் அவர் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை பலவீனமல்ல. நாள்தோறும் முகம் பார்க்க வேண்டிய இருவருக்கிடையே நியாயம் நிலைக்க அதுதான் வழி.

ஒவ்வொருவரும் தனித்தனியே நடத்திய இந்த வாதம் மெல்ல அமைப்பாகவும் சட்டமாகவும் திரண்டது. 1956-இல் தில்லியில் இந்திய நுகர்வோர் சங்கம் தொடங்கப்பட்டது; அது நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1963-இல் மத்திய அரசு ஊழியர்களுக்காகக் கேந்திரிய பண்டார் கூட்டுறவுக் கடைகள் வந்தன. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. அடுத்த மாதமே கன்னாட் பிளேஸில் சூப்பர் பஜார் திறந்தது. அதே ஆண்டு மும்பையில் ஒன்பது பெண்கள் கூடி இந்திய நுகர்வோர் வழிகாட்டிச் சங்கத்தை நிறுவினார்கள். 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1990-இல் பொட்டலப் பொருள் விதிகள் திருத்தப்பட்டு, எல்லா வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்ச விலையை உறையில் அச்சிடுவது வழக்கமாயிற்று. அதற்கு முன் "உள்ளூர் வரி தனி" என்ற வரியைக் காட்டி, உறையில் இருந்ததைவிடக் கூடுதலாகக் கேட்க இடமிருந்தது.

சட்டம் வந்ததும் வாதம் ஓய்ந்துவிடவில்லை. கோல் மார்க்கெட்டைச் சுற்றி இனிப்புக் கடைகள் பெயர்பெற்றவை. தீபாவளி நெருங்கும்போது தில்லி முழுவதும் ஒரு பழைய வழக்கம் தலைதூக்கும்: அட்டை டப்பாவையும் சேர்த்து நிறுப்பது. கிலோ 600 ரூபாய் இனிப்பில் 100 கிராம் டப்பா சேர்ந்தால், அட்டைக்கு 60 ரூபாய் போகிறது. சட்டமுறை எடையளவுச் சட்டம் நிகர எடையைத்தான் ஏற்கிறது. "பையா, டப்பாவை முதலில் வைத்து எண்ணைச் சுழியாக்குங்கள்" என்று சிரித்த முகத்தோடு சொன்னால் போதும். மின்தராசில் ஒரு பொத்தானை அழுத்துகிற வேலைதான். இனிப்பை எடுத்து வைத்த பிறகு சொன்னால் சச்சரவு, வைப்பதற்கு முன் சொன்னால் வேண்டுகோள்.

பத்து ரூபாய் நாணயத்தின் கதையும் அதுவே. தில்லியிலும் தமிழ்நாட்டிலும் கடைக்காரர்களும் பேருந்து நடத்துநர்களும் அதை வாங்க மறுத்துவந்தார்கள். ரூபாய்ச் சின்னம் இருப்பது ஒன்று, இல்லாதது ஒன்று, ஆகவே ஒன்று கள்ளக் காசு என்ற வதந்தி. ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17 அன்று, அதுவரை வெளிவந்த 14 வடிவங்களும் செல்லும் என்று அறிவித்தது. ஐயம் தீர்க்க 14440 என்ற எண்ணையும் தந்தது. கடைக்காரரிடம் வாதாடுவதற்குப் பதில், அந்த எண்ணை அவரையே அழைத்துக் கேட்கச் சொல்லலாம். வாடிக்கையாளர் சொல்வதைவிட வங்கி சொல்வதை அவர் நம்புவார்.

எல்லா இடத்திலும் நிதானம் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. சண்டிகரில் காலணி வாங்கியவரிடம் காகிதப் பைக்கு 3 ரூபாய் சேர்த்து வாங்கியது ஒரு கடை. பையில் அந்த நிறுவனத்தின் விளம்பரமே அச்சாகியிருந்தது. அவர் ரசீதை வைத்துக்கொண்டு நுகர்வோர் மன்றம் போனார். 2019-இல் வந்த தீர்ப்பு அந்த 3 ரூபாயைத் திருப்பித் தரச் சொன்னதோடு, இழப்பீடு, செலவு, சட்ட உதவி நிதி என 9,000 ரூபாய் கட்டச் சொன்னது. ரசீது இல்லாவிட்டால் அந்த வழக்கை மெய்ப்பிப்பதே கடினம்.

கோல் மார்க்கெட்டின் பழைய கட்டடத்திலிருந்து வியாபாரிகள் வெளியேற்றப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதைச் சீரமைத்து, சாதனைப் பெண்களுக்கான அருங்காட்சியகமாக்கப் புது தில்லி நகராட்சி மன்றம் திட்டமிட்டது. அந்த அருங்காட்சியகத்தில், கூடைகளோடு இந்தச் சந்தைக்கு வந்து, தெரியாத மொழியில், மூன்று அளவைகளையும் இரண்டு நாணயக் கணக்குகளையும் மனத்தில் வைத்துக் குடும்பம் நடத்திய குமாஸ்தா வீட்டுப் பெண்களுக்கும் ஒரு மூலை ஒதுக்கப்பட வேண்டும். அவர்கள் ஒவ்வொருவரும் கேட்டு வாங்கிய ஒரு பைசாவால்தான் சட்டம் தாளிலிருந்து கல்லாவுக்கு வந்தது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் கணக்கு தவறினால், முதலில் பொறுமையாகச் சொல்லுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். பிறகும் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.