கே. பி. சுந்தராம்பாள்

கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் (1908–1980) தமிழ் நாடக மேடையிலும் திரையிலும் பாடி நடித்த கலைஞர். ரசிகர்கள் இவரைக் ‘கொடுமுடி கோகிலம்’ என்று அழைத்தனர். பெயரைச் சுருக்கி கே.பி.எஸ். என்றும் சொல்வதுண்டு. நாற்பது ஆண்டுக் காலத் திரைவாழ்வில் இவர் நடித்த படங்கள் ஒரு டஜனைச் சுற்றியே இருக்கும். அவ்வளவு குறைவாக நடித்தும், ஔவையார் என்றதும் மூன்று தலைமுறைத் தமிழர்களின் மனத்தில் இவர் முகமே எழுகிறது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை எட்டப் பழகிய குரல் இவருடையது. தமிழ்த் திரையுலகம் அந்தக் குரலைத் தேடிப் போய், அதற்கேற்பப் படங்களை அமைத்துக்கொண்டது.

இளமை

ஈரோடு மாவட்டத்தில் காவிரிக்கரையில் உள்ள கொடுமுடியில் 1908 அக்டோபரில் பிறந்தார். பெயரின் முதலெழுத்துகளில் ஒன்று ஊரையும் மற்றொன்று தாய் பாலாம்பாளையும் குறிக்கும். வறுமை வாட்டிய குடும்பம். சிறுமியாக இருந்தபோது ரயில் பெட்டிகளில் பாடியதாகவும், அந்தக் குரலைக் கேட்டவர்கள் வழியாகவே நாடகக் குழுவில் சேர வாய்ப்புக் கிடைத்ததாகவும் சொல்வார்கள். வேலு நாயர் குழுவில் பத்து வயதை ஒட்டிய பருவத்திலேயே மேடையேறி, ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளைகளில் ஒருவராகப் பாடினார். முறையான குருகுலப் பயிற்சியைவிட மேடைதான் இவருக்குப் பாட்டையும் வசனத்தையும் தாளத்தையும் கற்றுக்கொடுத்தது.

ஸ்பெஷல் நாடக மேடை

விழுப்புரம், கண்டமங்கலம், திண்டிவனம் வட்டாரத்தில் இரவு நாடகம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தெருக்கூத்து. திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் விடிய விடிய நடக்கும் அந்தக் கூத்தில் திரௌபதிக்கும் சுபத்திரைக்கும் ஆண்களே வேடம் கட்டி வந்தார்கள். சிறுவர்களை மட்டும் சேர்த்துக்கொண்ட பாய்ஸ் கம்பெனிகளிலும் ஸ்திரீபார்ட் எனப்படும் பெண் வேடத்துக்குப் பையன்கள்தான். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே குழு நடத்திப் புகழ் பெற்றது உண்மை. ஆனாலும் ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று பாடிப் பொருதும் மேடை பரவலானது ஸ்பெஷல் நாடகத்தால்தான்.

ஸ்பெஷல் நாடகத்தில் நிலையான குழு கிடையாது. ஊர்க்காரர்களோ ஒப்பந்தக்காரரோ நாயக வேடக்காரரான ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை மற்றோர் ஊரிலிருந்தும் வரவழைப்பார்கள். ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், பபூன் எல்லோரும் தனித்தனியாக வந்து சேர்வார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’ போன்ற நாடகங்களின் பாடல்களும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை. அந்த நாடகங்களைத் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்து தமிழகமெங்கும் நாடகம் வளர்த்த அவர், புதுச்சேரியில் 1922-ல் மறைந்தார்.

மனப்பாடப் பகுதி முடிந்தபின்தான் கலைஞரின் கைச்சரக்கு வெளிப்படும். வள்ளியும் வேலனும் தர்க்கம் செய்யும் கட்டத்தில் எதிராளி எந்த ராகத்தில் கேள்வி போடுவார், எந்தச் சொல்லில் மடக்குவார் என்று முன்கூட்டித் தெரியாது. அந்த நொடியிலேயே பாட்டாலோ சொல்லாலோ பதில் தர வேண்டும். தடுமாறினால் கொட்டகையே கூச்சலிடும். இந்தக் களத்தில்தான் சுந்தராம்பாள் தேர்ந்தார். உயர்ந்த சுருதியில் எழும்பும்போதும் சொல் சிதையாமல் கேட்பவர் காதில் விழும் இவருடைய உச்சரிப்புக்கு இந்தப் பழக்கமே காரணம். வார்த்தை புரியாவிட்டால் தர்க்கத்தில் தோற்றுப்போக வேண்டியதுதான். இலங்கைக்கும் பலமுறை சென்று நடித்தார். அங்கே கிடைத்த புகழ், தமிழ்நாட்டில் கிடைத்ததற்குச் சற்றும் குறைந்ததில்லை.

கிட்டப்பா

செங்கோட்டையைச் சேர்ந்த எஸ். ஜி. கிட்டப்பா, கன்னையா கம்பெனி நாடகங்களில் பாடிப் பெயர் பெற்றவர். 1926-ல் இலங்கையில் அவரும் சுந்தராம்பாளும் ஜோடி சேர்ந்தனர். கிட்டப்பாவின் குரலுக்கு ஈடுகொடுக்க யாராலும் முடியாது என்று எச்சரித்தவர்கள் இருந்தனர். இவர் ஈடுகொடுத்ததோடு நில்லாமல் போட்டியும் போட்டார். ‘வள்ளி திருமணம்’ இவர்களால் பெருங்கூட்டத்தை ஈர்க்கும் நாடகமானது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மணமாகியிருந்தது. 1927-ல் இவர்கள் திருமணம் செய்துகொண்டனர். இல்லறம் அமைதியாக அமையவில்லை. பிறந்த குழந்தை தங்கவில்லை. மனத்தாங்கலால் பிரிவும் நேர்ந்தது. 1933 டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25.

தமிழ்ப் பேசும்படம் 1931-ல் ‘காளிதாஸ்’ மூலம் தொடங்கி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. இருவரும் எதிரெதிரே நின்று பாடிய காட்சி ஒன்றுகூடப் பதிவாகாமல் போனது தமிழ்க் கலை வரலாற்றில் ஈடுசெய்ய முடியாத இழப்பு. தனித்தனியே பதிவான இசைத்தட்டுகளிலிருந்துதான் அதை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கணவரின் மறைவுக்குப் பின் சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை உடுத்தத் தொடங்கினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டு, இறுதிவரை அதைக் காத்தார். இவருடைய திரைவாழ்வைப் புரிந்துகொள்ள இந்த உறுதியே திறவுகோல். கதாநாயகனும் கதாநாயகியும் காதலித்தாக வேண்டும் என்றிருந்த திரைக்கதைகளுக்குள் இவருக்கு இடமில்லை. இவருக்கான இடத்தைப் பழந்தமிழ் மரபு வைத்திருந்தது. இவர் ஏற்ற முக்கியமான வேடங்களை வரிசையாக நினைத்துப் பார்க்கலாம்: சிதம்பரத்துக்குப் போகத் துடித்த நந்தனார், பிக்குணியான மணிமேகலை, இளமையை வேண்டாமென்று முதுமையைக் கேட்டுப் பெற்ற ஔவை, சமணத் துறவி கவுந்தியடிகள், பேயுரு வேண்டிய காரைக்கால் அம்மையார். இல்லற வாழ்வுக்கு வெளியே நின்று பாடியவர்கள் எல்லோருக்கும் இவர் திரையில் உருவம் கொடுத்திருக்கிறார். சொந்தத் துயரத்தின் விளைவாகத் தோன்றிய இந்தத் தேர்வு, தமிழ்த் திரையில் வேறு எந்த நடிகைக்கும் அமையாத ஒரு தனிப் பாதையாக வளர்ந்தது.

நந்தனார் (1935)

திரைக்கு அழைத்தபோது இவர் முதலில் மறுத்தார். வற்புறுத்தல் ஓயாததால், ஒரு லட்சம் ரூபாய் தந்தால் நடிப்பதாகச் சொன்னாராம். கேட்டவர்கள் பின்வாங்கிவிடுவார்கள் என்பது இவர் கணக்கு. தயாரிப்பாளர் அசன்தாஸ் ஒப்புக்கொண்டார். ஒரு நடிகைக்கு அந்நாளில் நினைத்தும் பார்க்க முடியாத ஊதியம் அது. மாணிக் லால் டாண்டன் இயக்கிய ‘பக்த நந்தனார்’ 1935-ல் வெளிவந்தது. சுந்தராம்பாள் நந்தனாராகவும், கர்நாடக இசை வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராகவும் நடித்தனர். பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார்ட் 1899-ல் ஹாம்லெட் வேடம் ஏற்றதை ஐரோப்பிய நாடக உலகம் பெரிய செய்தியாகப் பேசியதுண்டு. தமிழ் மேடையில் பெண்கள் ராஜபார்ட் கட்டுவது பழகிய வழக்கமே. எனவே இவர் ஆண் வேடமிட்டதை ரசிகர்கள் விந்தையாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டைக் கேட்கவே வந்தார்கள். அக்காலப் படங்களில் நடிக்கும்போதே பாட வேண்டும். பலருக்குச் சங்கடமாக இருந்த அந்த முறை இவருக்கு மேடையின் தொடர்ச்சிதான். படம் பெருவெற்றி பெறவில்லை. பத்திரிகை விமர்சனங்களும் கடுமையாகவே இருந்தன. அடுத்த படமான ‘மணிமேகலை’ 1940-ல் வந்தது. அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் இவர் படம் எதுவும் வரவில்லை.

அரசியல்

தேசிய இயக்கப் பாடல்களை இவர் நாடகத்தின் நடுவிலும் பொதுக்கூட்ட மேடைகளிலும் பாடினார். இசைத்தட்டிலும் பாடிக் கொடுத்தார். நாடகத்தின் மீது தனிப்பற்றுக் கொண்டிருந்த காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி இவரைக் கட்சிப் பிரசாரத்துக்கு அழைத்துவந்தார். தேர்தல் கூட்டங்களில் தலைவர்கள் பேசுவதற்கு முன் இவர் பாடினால் கூட்டம் கலையாது என்பது கட்சிக்காரர்களின் அனுபவம். 1950-களில் சென்னை மாநில மேலவை உறுப்பினராக இருந்தார். இந்தியத் திரைக்கலைஞர்களில் சட்டமியற்றும் அவைக்குள் முதலில் நுழைந்தவர் என்று இவரைக் குறிப்பிடுவர். திரையிலிருந்து ஆட்சிக்கு வந்தவர்களைப் பற்றி எழுதும் தமிழ்நாட்டு அரசியல் நூல்கள் இவரை ஓரிரு வரியில் கடந்துவிடுவது நியாயமில்லை.

ஔவையார் (1953)

ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ். எஸ். வாசன் பல ஆண்டுகள் திட்டமிட்டு, பெரும் பொருட்செலவில் தயாரித்த படம். இயக்கம் கொத்தமங்கலம் சுப்பு. இளம் ஔவையாகக் குசலகுமாரி நடிக்க, முதுமை பெற்றபின் சுந்தராம்பாள் தோன்றுகிறார். அப்போது இவருக்கு 44 வயதுதான். திருநீறும் உருத்திராக்கமும் கோலும் கொண்ட அந்தத் தோற்றம் பின்னர் நாட்காட்டிப் படங்களிலும் பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிகளிலும் ஔவையின் தோற்றமாகவே நிலைத்துவிட்டது. யானைக் கூட்டம் திரண்டுவந்து கோட்டையைத் தகர்க்கும் காட்சி அந்நாளில் பெரிதும் பேசப்பட்டது. ஆயினும் படத்தைத் தாங்குவது இவருடைய பாட்டுத்தான். ஊர் ஊராக நடந்துகொண்டே பாடும் ஒரு கிழவியைச் சுற்றி முழுநீளப் படம் எடுப்பது இன்றும் துணிச்சலான காரியம். காதல் கதையும் இல்லாமல், கதாநாயகனும் இல்லாமல் அது மாபெரும் வெற்றி பெற்றது. தமிழ்த் திரை வரலாற்றில் அதற்கு இணையான எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

பிற்காலப் படங்கள்

பின்னணிப் பாடகர்கள் நிலைபெற்றுவிட்ட 1960-களில், தம் குரலில் தாமே பாடி நடிக்கும் கலைஞராக இவர் திரும்பி வந்தார். மு. கருணாநிதியின் வசனத்தில் உருவான ‘பூம்புகார்’ (1964) இவரைக் கவுந்தியடிகளாக்கியது. காங்கிரஸ்காரர், முருக பக்தை, நெற்றி நிறையத் திருநீறு பூசியவர். இத்தகையவர் திராவிட இயக்கத் தலைவரின் படத்தில் சமணத் துறவியாக நடித்தார். கலைக்காகக் கட்சி வேலியைத் தாண்டிய அந்தப் பெருந்தன்மையில் இரு தரப்புக்கும் பங்குண்டு.

ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ (1965) மீண்டும் இவருக்கு ஔவை வேடம் தந்தது. மாங்கனிக்காகக் கோபித்துக்கொண்டு பழனிமலையில் நிற்கும் முருகனை இவர் பாடித் தேற்றுகிறார். விழுப்புரத்தில் பிறந்து பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த சிவாஜி கணேசன் சிவபெருமானாக நடித்த படம் இது. ஸ்பெஷல் நாடகமும் பாய்ஸ் கம்பெனியும் வளர்த்த இரு கலைஞர்கள் ஒரே படத்தில் இடம்பெற்றதை நாடக வரலாற்று ஆர்வலர்கள் கவனிக்க வேண்டும். கே. வி. மகாதேவனின் இசை இவர் குரலின் உயரத்தை அறிந்து வழிவிட்டது. ‘கந்தன் கருணை’ (1967), ‘துணைவன்’ (1969), ‘காரைக்கால் அம்மையார்’ (1973) ஆகியவை தொடர்ந்தன. இவற்றில் ‘காரைக்கால் அம்மையார்’ படத்தில் இளமைக் கால அம்மையாராக லட்சுமி நடிக்க, பேயுரு பெற்ற அம்மையாராக இவர் பாடும் பகுதி தனித்துப் பார்க்கத் தக்கது.

சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது 1968-ஆம் ஆண்டுப் படங்களுக்கு முதன்முதலாக வழங்கப்பட்டபோது பி. சுசீலா அதைப் பெற்றார். மறு ஆண்டு ‘துணைவன்’ படத்துக்காக அது சுந்தராம்பாளுக்குக் கிடைத்தது. பிற நடிகைகளுக்குக் குரல் கொடுப்பதைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர், அறுபது வயதைத் தாண்டிய நிலையில் பெற்ற விருது அது. 1970-ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. தமிழ் இசைச் சங்கம் இவருக்கு இசைப்பேரறிஞர் பட்டம் அளித்தது. சொந்த ஊரான கொடுமுடியில் இவர் பெயரால் திரையரங்கு ஒன்றும் எழுந்தது. 1980-ல் சென்னையில் காலமானார்.